செல்வியக்காவைப் பார்க்காமல் சொன்ன வார்த்தை

மண்சரிவால் ஹட்டன் பாதை மூடிக் கிடந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் அடுத்தடுத்து வந்து அரிசி இறக்கின. சிங்களம் தெரிந்த ஆசிரியை என்பதால், விமானிகளோடு பேசும் வயர்லெஸ் என்னிடம் இருந்தது. கொழுந்து பறிக்கும் செல்வியக்கா மைதானத்தின் மறுகோடியில் நின்றார். இறங்கலாம் என்றால் கையசைப்பார்; ஆபத்தென்றால் சிவப்புத் துணியைக் காட்டுவார்.

ஒரு ஹெலிகாப்டர் கிளம்பியதும், அவர் பக்கம் பார்க்காமலே அடுத்ததை இறங்கச் சொல்லிவிட்டேன். திரும்பினால், மூட்டைகளை மூடியிருந்த தறப்பாள் காற்றில் கிளம்பிவிட்டிருந்தது. விசிறியில் சிக்கினால் ஹெலிகாப்டர் விழுந்துவிடும். செல்வியக்கா ஓடிவந்து தறப்பாள்மேல் குப்புற விழுந்து அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் துணியை வீசினார். பதறிப்போய் விமானியை மேலே போகச் சொன்னேன். போய்விட்டார்.

"ஒங்களப் பார்க்காமச் சொல்லிட்டேங்க்கா" என்று அவரிடம் ஓடிப்போய் அழுதேன்.

"நான் பார்த்துட்டேன்ல டீச்சர். மேல சுத்துறவங்கள இப்ப எறங்கச் சொல்லுங்க" என்றபடி, தறப்பாளைச் சுருட்டி மூட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டு, சேற்றைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார்.

அதன்பிறகு அவர் கையசைக்காமல் நான் யாரையும் அழைக்கவில்லை. அந்த விமானிகளுக்கு அவரைத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து நான் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.