இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

தெய்வத்தின் முன் வைக்க வேண்டிய இரண்டு பூப்பொட்டலங்களிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். சிவப்பை என் கைப்பைக்குள் ஒளித்தேன். செய்தவள் நான். என்னை ஒருவரும் ஏவவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையேல் காரணங்களை முன்னே அடுக்கி, குற்றத்தை ஒரு சிறு பிழைபோல உங்கள் கையில் கடைசியாக வைத்துவிடுவேன். அந்தக் கலை எனக்கு நன்றாக வரும். அதுவே என் தொழிலாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அயல்நாட்டு நிறுவனங்கள் கூட்டாளிகளைத் தேடிக் கோயமுத்தூருக்கு வந்துகொண்டிருந்த காலம். தமிழும் ஆங்கிலமும் முறையாகக் கற்றிருந்த நான் அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் அமர்ந்து மொழிபெயர்த்தேன். சொற்களை மட்டுமா? வழக்கங்களையுந்தான். காப்பியைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டார் மனம் கோணும் என்பேன். ஆடி மாதத்தில் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு நீட்டாதீர்கள் என்பேன். இந்த மண்ணின் மனத்தை அயலாருக்கு விளக்கியே பெயர் பெற்றவள் நான்... அந்த மனத்திற்குள் கை நுழைக்கவும் எனக்கே தெரிந்திருந்தது!

ஹென்ரிக் என்பவர் வட ஐரோப்பியப் பம்பு நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்தார். நாச்சிமுத்துக் கவுண்டரின் தொழிலில் பெரும்பங்கை வாங்குவது அவர் நோக்கம். நாச்சிமுத்து, கோவையின் கணபதிப் பகுதியில் சொந்தமாகப் பவுண்டரி வைத்து, இரும்பை உருக்கி வார்த்து, தம் பெயரிலேயே பம்பு செய்து விற்றவர். அந்தப் பெயரைக் கண்டால் உழவர்கள் மறுபேச்சின்றி வாங்குவார்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் கோவை அலுவலகத்தின் தலைமை எனக்கு என்று ஹென்ரிக் வாக்களித்திருந்தார். ஆண்கள் மட்டுமே பேசும் அறைகளில் வெறும் குரலாக உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்கு முன் நான் நடுவில் நின்று பேசிய கூட்டு ஒப்பந்தங்கள் இரண்டும் முறிந்திருந்தன. இதுவும் முறிந்தால் இனி என்னை யார் அழைப்பார்கள்?

நாச்சிமுத்து இணங்கிவிட்டார். இணங்காதவர் அவருடைய மனைவி பொன்னாத்தாள்.

கடைசிப் பேச்சு அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அதுவரை சமையலறை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொன்னாத்தாள் முன்னே வந்தார்.

“ஏனுங்க அம்மணி, பெரும்பங்கு அவங்க கைக்குப் போயிருச்சுன்னா, நாளைக்குப் பவுண்டரிய மூடுன்னு சொன்னா மூடிப்போடோணுமா? அதக் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன். ஹென்ரிக் மழுப்பவில்லை. பம்பின் பெயரும் விற்பனையாளர்களுமே தங்களுக்கு முதன்மை என்றார். பவுண்டரியை ஓராண்டு நடத்திப் பார்ப்போம், இலாபமில்லையென்றால் மூடவும் நேரலாம் என்று நேர்மையாகச் சொன்னார்.

“அப்படியெல்லாம் ஆகாதுங்க,” என்று மொழிபெயர்த்தேன்.

பொன்னாத்தாள் என்னையே பார்த்தார். “தொரை அத்தன நேரம் பேசுனாரு. நீங்க சொன்னது ரெண்டே வார்த்தையா இருக்குதுங்களே?”

நாச்சிமுத்து சிரித்தார். “இங்கிலீசு தண்ணிப்பால் மாதிரி புள்ள. சுண்டக் காய்ச்சுனா அவ்வளவுதான் தேறும்.”

பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. “சாமிகிட்டப் பூக் கேப்போமுங்க. ஆத்தா வெள்ளை குடுத்தா அப்பறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். செவப்பு வந்தா தொரை பொட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போயிரோணும்.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், செவ்வரளி மற்றொன்றில். எது எதிலென்று கட்டியவரும் அறியாதபடி குலுக்கித் தெய்வத்தின் முன் போடுவார்கள். வேண்டுபவர் ஒன்றை எடுப்பார். வெள்ளையென்றால் உத்தரவு. சிவப்பென்றால் தடை. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது... எதுவும் அதன்பிறகு விவாதத்திற்கு உரியதன்று.

அவர்களுடைய குலதெய்வக் கோயில் பல்லடத்துக்குத் தெற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்தது. போகும் வழியில், “சிவப்பு வந்தால்?” என்று ஹென்ரிக் கேட்டார். “நீங்கள் திரும்பிப் போகலாம்,” என்றேன். அவர் நகைக்கவில்லை. “எங்கள் ஊரில் இதை வழக்கறிஞர்கள் செய்கிறார்கள். இது விரைவாக முடிகிறது,” என்றார். காரில் அமைதியற்றிருந்தவள் நான் ஒருத்திதான்.

கோயிலில் பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலை. நாச்சிமுத்து தடுத்தார்.

“பூசாரி மகன் நம்ம பவுண்டரிலதானுங்க வேலை பாக்கறான். இவரு கட்டுனா நாளைக்கு ஒரு பேச்சு வரும். அம்மணி ரெண்டு பக்கத்துக்கும் பொதுவு. அவங்களே கட்டட்டும்.”

பொன்னாத்தாள் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பூத்தட்டை என்னிடம் நீட்டினார்.

பொதுவு! அந்தச் சொல்லைக் கேட்டும் என் கை தட்டை வாங்கியது.

தூணுக்குப் பின்னால் திரும்பி அமர்ந்தேன். கட்டுபவரைப் பிறர் பார்க்கலாகாது என்பது முறை. எவ்வளவு பெரிய நம்பிக்கையின் மேல் நிற்கிறது அந்த முறை! முதல் வாழையிலைத் துண்டில் வெள்ளையை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவதற்குச் சிவப்பைக் கையில் எடுத்தேன்... எடுத்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அதுவரை நான் வஞ்சகம் நினைக்கவில்லை. தட்டில் இன்னும் சில வெள்ளைப் பூக்கள் கிடந்தன. அவற்றைக் கண்டபோதுதான்...

இல்லை. இதுவும் மொழிபெயர்ப்பே. வெள்ளைப் பூக்கள் மிகுந்திருப்பதைத் தட்டு கைக்கு வந்த கணமே கண்டுவிட்டேன்.

இவையெல்லாம் வெறும் நம்பிக்கைகள் என்று கருதிய படிப்பாளி நான். அப்படியானால் நாரின் முடிச்சு ஏன் இருமுறை நழுவியது?

குலுக்கினேன். ஒன்றுமே வேறுபடாத இரண்டைக் குலுக்கினேன்! பொன்னாத்தாள் கண்களை மூடி நெடுநேரம் நின்றார். உதடுகள் அசைந்தன. குனிந்து ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

மணி அடித்தது. நாச்சிமுத்து துண்டால் கண்களைத் துடைத்தார். பொன்னாத்தாள் நெற்றி தரையில் பதிய விழுந்து வணங்கினார். அவருடைய அச்சம் முழுவதும் அந்தக் கல்தரையில் இறங்குவதை நான் பார்த்தேன்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. உத்தரவு கொடுத்த தெய்வத்தைச் சோதிப்பது பிழை. அதை நம்பியே நான் துணிந்தேன். ஆனால் எங்கள் வழக்கம் அறியாத ஒருவர் அங்கே இருந்தாரே! ஹென்ரிக் மெல்ல முன்னே வந்தார். குழந்தையின் ஆவலோடு கீழே கிடந்த பொட்டலத்தைச் சுட்டி, “சிவப்பையும் பார்க்கலாமா? திறக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டபடி குனிந்தார்.

“தொரை என்னங்க கேக்கறாரு?” என்றார் நாச்சிமுத்து.

என் நெஞ்சு நின்றுவிட்டது. நாவு நிற்கவில்லை.

“சாமிக்கு நன்றி சொல்றாருங்க.” உடனே ஹென்ரிக்கின் பக்கம் திரும்பி, அதைத் தொடுவது பெரும் அவமதிப்பு என்றேன். அவர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். பிழை செய்துவிட்டோமோ என்று நாணிக் கைகூப்பி நின்றார். அதைக் கண்டு நாச்சிமுத்து உருகிப்போனார். “பாரு புள்ள, நம்ம சாமிய எப்படிக் கும்படறாரு!”

பூசாரி அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கோயில் கிணற்றில் போட்டார்.

எனக்கு அலுவலகம் கிடைத்தது. கார் கிடைத்தது. பவுண்டரி இரண்டாம் ஆண்டில் மூடப்பட்டது. பூசாரியின் மகன் உட்பட வார்ப்பு வேலை செய்தவர்கள் அனைவரும் சிதறிப்போனார்கள். நாச்சிமுத்துவின் பெயர் மட்டும் வடக்கே எங்கோ செய்த பம்புகளின்மேல் ஒட்டப்பட்டு வந்தது. இன்று அவர் பல்லடத்தருகே, தம் தோட்டத்தில், ஒரு நிறுவனத்தின் கோழிக்குஞ்சுகளைக் கூலிக்கு வளர்த்துக் கொடுக்கிறார்.

ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. நான் நேர்மையாகக் கட்டியிருந்தாலும் பொன்னாத்தாளின் கைக்கு வெள்ளையே வந்திருக்கக் கூடாதா? வந்திருக்கலாம். அதை இனி எவரும் அறிய இயலாது. ஒரு குடும்பம் தன் தெய்வத்திடம் கேட்ட கேள்வி, தெய்வத்தின் காதுக்கே போகவில்லை.

சென்ற தை மாதம் நாச்சிமுத்து என்னை அழைத்தார். பேத்திக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில்தான் நடத்த வேண்டும். பொன்னாத்தாளோ பவுண்டரி மூடிய நாள் முதல் அந்தக் கோயில் வாசலை மிதிப்பதில்லை. “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாளுங்க அம்மணி,” என்றார். அவர்கள் வீட்டுக்குப் போனேன். மீண்டும் நான் நடுவில்!

“என்னையக் கூப்படாதீங்க,” என்றார் பொன்னாத்தாள். “அந்த ஆத்தா பொய் சொன்னவ. நெனச்சு நெனச்சுக் கேட்டேன், அவ பொய் சொல்லிப்போட்டா. பொய் சொன்னவ முன்னால எம் பேத்தியக் கொண்டுபோய் உக்கார வெக்க மாட்டேன்.”

“ஆத்தாள அப்படிப் பேசாத புள்ள! போனது போச்சு. அவ உத்தரவு குடுத்தா, செஞ்சோம். எம் மேல தப்பில்லீன்னுதானே நான் ராத்திரி தூங்கறேன்?”

பாருங்கள்... உண்மையைச் சொன்னால் பொன்னாத்தாளுக்குத் தெய்வம் திரும்பக் கிடைக்கும், நாச்சிமுத்துவுக்கு உறக்கம் போய்விடும். இந்தத் தருக்கம் எனக்கு எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது! கருணை என்றே இதற்குப் பெயரிட்டுவிடலாம். நீங்களும் ஒருவேளை ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் அந்தக் கணத்தில் நான் நினைத்தது அவர் உறக்கத்தை அன்று. என் பெயரை.

“அம்மணிதானே பூக் கட்டுனாங்க. அவங்களையே கேளு,” என்றார் நாச்சிமுத்து.

பொன்னாத்தாள் என் பக்கம் திரும்பினார். அன்று தட்டை நீட்டுமுன் பார்த்த அதே பார்வை.

“நீயே சொல்லு கண்ணு. வெள்ளைதான வந்துச்சு?”

“ஆமாங்க. வெள்ளைதான்.”

“கேட்டீங்கல்ல?” என்று கணவரிடம் திரும்பினார். “அப்ப அவதான பொய் சொல்லியிருக்கா?”

நாச்சிமுத்து தலைகுனிந்தார்.

காதுகுத்து வேறொரு கோயிலில் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். நெருங்கிய உறவினர்களோடு முன்வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள்.