நான் திருத்திய ஒரேயொரு மெசின்

என்னை மெக்கானிக் ஆக்கியது அம்மாதான். பிலிப்பைன்சில் விமானம் ஓட்டப் படித்து, அந்த நாட்டு லைசென்சோடு கொழும்புக்குத் திரும்பியவன் நான். அப்பாவின் செத்தவீட்டுக்கென்று வன்னியில் எங்கள் ஊரான உடையார்கட்டுக்கு வந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிவதற்குள் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டுவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த சனம், "தம்பி வெளிநாட்டில என்ன படிச்சவர்?" என்று கேட்டபோது, அம்மா கண்ணைத் துடைத்தபடியே, "மெசின் திருத்துற படிப்பு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வானத்தில் வந்த விமானமெல்லாம் குண்டு போட வந்தவை. விமானி என்று தெரிந்தால் இயக்கப் பெடியள் என்னை வெளியே விடமாட்டார்கள். எப்படியோ தப்பி அரசாங்கப் பக்கமான வவுனியா போனாலும், வன்னியிலிருந்து விமானி வருகிறான் என்று ஆமி உள்ளே போட்டுவிடும்.

பொய் சொன்னது அம்மா, மாட்டுப்பட்டது நான். அடுத்த கிழமையே தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மெசின்கள் எங்கள் வீடு தேடி வரத் தொடங்கின. சைக்கிள் கரியரில் கட்டி வந்தார்கள், தோளில் சுமந்தும் வந்தார்கள். மறுத்தால் சந்தேகம் வரும். எனக்குக் கழற்றத் தெரிந்தது. திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நட்டு மிஞ்சியது. ஆட்கள் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு சந்தியில் கண்டால் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரேயொரு மெசின் மட்டும் என் கையில் ஓடியது. குளத்துக்குப் பின்பக்கம் மிளகாய்த் தோட்டம் செய்தவருடையது அது. அவர் கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். அதிகம் கதைக்காத மனிசர். மெசினில் தீப்பொறி சரியாக வரவில்லை. பயிற்சி விமானத்தில் பறக்க முதல் நான் ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்த்த விஷயமே அதுதான். பிளக்கைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால் மருந்து ஊசியால் இரண்டு சொட்டு மட்டும் விட்டுக் கயிற்றை இழுத்தோம். பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தபோது எனக்கிருந்த புளுகம், சந்தோசம், சொல்லி மாளாது.

அந்த நேரம் பார்த்துக் குண்டுவீச்சு விமானம் வந்தது. அவரும் மனைவியும் நானும் பங்கர்க் குழிக்குள் விழுந்தோம். இரைச்சல் தலைக்கு மேலே திரும்பியது.

"இடப்பக்கமாத் திரும்புறான். இப்ப மூக்கைக் கீழ குத்துவான்... இல்லை, மேல ஏறுறான். இஞ்ச போடமாட்டான்."

என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. சொன்னபடியே சத்தம் விலகி, தூரத்தில் எங்கோ நிலம் அதிர்ந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது மெசினு படிச்ச படிப்பு இல்லையே?"

நான் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே ஏறினேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவேன்.

சில மாதம் கழித்து, கொழும்பிலிருந்த நண்பன் ஆள் மூலம் சேதி அனுப்பினான். என் பாஸ்போட்டும் லைசென்சும் அவனிடம்தான் இருந்தன. வளைகுடாவில் ஒரு சின்ன விமானக் கொம்பனி துணை விமானிகளை எடுக்கிறதாம். வேறு நாட்டு லைசென்ஸ் என்றாலும், தங்கள் சோதனையில் தேறினால் அங்கே ஓட்ட அனுமதி எடுத்துத் தருவார்களாம். ஆனால் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். என்னுடையது அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதை விட்டால் எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வயலை விற்றுத்தான் படித்தேன், விற்க இன்னொரு வயல் இல்லை.

வன்னியை விட்டு வெளியேறப் பெடியளின் பாஸ் வேண்டும். கேட்டு அவர்களுடைய கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் என்னைவிட இளையவன். மரியாதையாகத்தான் கதைத்தான்.

"அண்ணை, நீங்கள் மெக்கானிக் எண்டு சொல்லுகினம். மெசின் திருத்தத் தெரிஞ்ச ஆக்களை வெளிய விட்டிட்டு நாங்கள் இஞ்ச என்ன செய்யிறது?"

பகீரென்றது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்போது காலைப் பிடித்து இழுத்தது.

"எனக்கு ஒரு வேலையும் தெரியாது, தம்பி. ஊரில ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

"அப்பிடியெண்டால் அந்த மிளகாய்த் தோட்டக்காரற்ற மெசினைத் திருத்தினது ஆர்?" என்று கேட்டுவிட்டு, அவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினான்.

வாங்குப் பலகையில் இருந்து காத்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. பங்கருக்குள் கேட்டதை அவர் சொன்னால் நான் தொலைந்தேன். மெசின் நன்றாக ஓடுகிறது என்று உண்மையைச் சொன்னாலும் தொலைந்தேன்.

தோட்டக்காரர் கட்டியிருந்த சாரத்தில் சேற்றோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றார்.

"இவரா மெக்கானிக்கு? மெசினைக் கெடுத்துப்புட்டாருங்க. ஒரு நாளு ஓடுச்சு, அதோட செத்துப்போச்சு. இந்தப் புள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் திருத்திய ஒரேயொரு மெசின் அது! "பொய் சொல்லாதேங்கோ" என்று கத்த வாயைத் திறந்தும் விட்டேன். அவர் சேற்றுக் காலால் என் காலை மிதித்தார், நன்றாக அழுத்தி. வாயை மூடிக்கொண்டேன்.

"நாங்கள் ஒரு நாளைக்கு வந்து மெசினைப் பாப்பம்" என்றான் பெடியன்.

"வாங்க. வந்து பாருங்க."

பெடியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பாஸை எழுதி நீட்டினான்.

அடுத்த நாள் காலை பஸ் பிடிக்கப் போகும் வழியில் அவருடைய தோட்டத்தைக் கடந்தேன். மெசின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அவர் கிணற்றில் வாளியால் அள்ள, மனைவி கன்று கன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போங்க, தம்பி" என்றார் அவர். "போய்ச் சேந்துட்டேன்னு அம்மாவுக்கு எழுதுங்க. அது வரைக்கும் இதை நான் தொடமாட்டேன்."

வவுனியாவில் ஆமி என்ன வேலை என்று கேட்டபோது மெக்கானிக் என்றேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள். லைசென்ஸ் முடிவதற்குள் வளைகுடா போய்ச் சேர்ந்தேன். நேர்முகத்தில், இவ்வளவு காலம் பறக்காமல் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நீர் இறைக்கும் மெசின் திருத்தினேன் என்றேன். எத்தனை என்றார்கள். ஒன்று என்றேன். அவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பறக்கும் சோதனையில் முதல் இறக்கம் கொஞ்சம் துள்ளியது. பிறகு கை பழகியது. வேலை கிடைத்தது.

வன்னியிலிருந்து கொழும்பில் போய் இறங்கிய அன்றே அம்மாவுக்கு எழுதியிருந்தேன். ஆனால் பாதை மறுபடி பூட்டுப்பட்டு, கடிதம் வழியில் எங்கோ கிடந்துவிட்டது. அம்மாவின் பதில் வந்து சேர்ந்தபோது நான் சீருடை போட்டு விமானம் ஓட்ட ஆரம்பித்திருந்தேன்.

"உன்ர கடிதம் இப்பத்தான் கிடைச்சது. ஓடிப்போய் அந்த மனிசனுக்குச் சொன்னன். மிளகாய்க் கண்டில பாதி கருகிப்போச்சு. மிச்சத்துக்கு ரெண்டு பேரும் இவ்வளவு நாளும் வாளியாலதான் ஊத்தினவை. நான் சொல்லி முடிக்கேல்லை, எழும்பிப் போய்ச் சாக்கை எடுத்தார். மெசின் முதல் இழுவையிலேயே ஓடினது."