பூட்டச் சொன்ன கடையில் விளக்கேற்றினோம்

எங்கள் தீவில், காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையருகே அப்பா மிளகாய் வடைக் கடை வைத்திருந்தார். கடைமுன் சாக்கடை தேங்குகிறதென்று நகரசபை லைசென்ஸை நிறுத்திவைத்து, கடையைப் பூட்டச் சொன்னது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அது நகரசபையின் சாக்கடைதானே, வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் சாக்கடையைப் பற்றிப் பேசவே இல்லை.

"தடைக்குப் பிறகு கடையைத் திறந்தீரா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மட்டும், மிசியே" என்று அப்பா பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார். "முருகன் படம் உள்ளேதானே இருக்கு? விளக்கேத்த வேணாமா?"

"வந்தவர்களுக்குத் தின்னக் கொடுத்தீரா?"

"சுண்டல் கொடுத்தேன். பூசைக்கு வந்தவங்களை வெறுங்கையோடவா அனுப்புவாங்க?"

எங்கள் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். தடையை மீறியவர் என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பிறகு லைசென்ஸே ரத்தானது.

வெளியே வந்ததும் அப்பா, "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, தம்பி?" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.

இப்போது அவர் வேறொருவர் கடையில் வடை சுடுகிறார். கடைக்குத் தடை வந்ததென்று, படித்தவன் என்பதால் யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால், நோட்டீசைப் படிக்கும் முன்பே, "முதலில் சாமி படத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்" என்கிறேன்.