சபுரா அக்கா நிறுத்திவைத்த அறிக்கை

செய்தி வந்தபோது நான் முதலமடையில் ஒரு சிறிய ஆசுபத்திரியின் வாசலில் இருந்தேன். மாங்காய் லாரி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் ஷீஜா போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. ஷீஜா எங்கள் ஆய்வகத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவள். இரண்டாவது முறை கத்தினாள். "சபுரா அக்கா போயிட்டாங்க. காலைல ஊட்டுல விழுந்திருக்காங்க. ஹார்ட் அட்டாக்காம்."

என் தோள்பையில் ஒரு பாட்டில் இருந்தது. தோட்டத்தில் மாங்காய் பொறுக்கும் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து அன்று காலை எடுத்த திசு. ஃபார்மலின் மருந்தில் கிடக்கும் திசு மறுநாள் வரை கெடாது. ஜனாஸா அடக்கம் காத்திருக்காது. வண்டியை அக்காவின் ஊரான கொல்லங்கோட்டுக்குத் திருப்பினேன்.

அக்காவின் முகம் பார்க்கவில்லை. பெண்கள் உள்ளே இருந்தார்கள். நான் எதிர்ப்புறச் சுவரோரம் பையுடன் நின்றேன். அக்காவின் தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பைய எறக்கி வைங்க. உள்ள என்னங்க இருக்குது?" என்றார். "அக்காவோட வேலைங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது. இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

சபுரா அக்காவை அறிந்த உங்களில் சிலருக்கு அவர் மளிகைக்கடை ராவுத்தரின் மூத்த மகள். சிலருக்கு, காலை பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு பாலக்காடு வரை போகும் பெண். ஆய்வகத்தில் அவர் என்ன செய்தார் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, கத்தியில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரின் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைப்பது அவர் வேலை. இருபது சீவல்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும். கத்தி இறங்கும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். புகைபோக்கி விசிறி பழுதாகி இரண்டு வருடம் ஆகியும் மாற்றப்படாத அறையில், கண் எரிய எரிய, இதைச் செய்தார். அறிக்கையில் டாக்டரின் பெயர் இருக்கும், நிறுவனத்தின் முத்திரை இருக்கும். சீவியவரின் பெயருக்கு அதில் இடம் கிடையாது.

நான் பாட்டில்களைச் சேகரித்துக் கொண்டுவருகிறவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மதியம், சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எத்தன பாட்டலு தூக்கிருப்பே? உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாத்தியாடா?"

மைக்ரோஸ்கோப்பில் குடலின் ஒரு சீவல். ஒரு பக்கம் செல்கள் வரிசையாக நின்றன. அதற்கு அடுத்தே வரிசை உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கரு பெருத்துக் கறுத்துக் கிடந்தன. எங்கேயிருந்து வந்தது இந்தக் கிருமி என்று கேட்டேன்.

"கிருமியும் இல்ல, ஒண்ணும் இல்ல, இது கேன்சரு. அந்த வரிசைல நின்னதுதான் இதுவும். ஒரு செல்லு ரெண்டாகறதுக்கு முந்தி உள்ள இருக்கற டி.என்.ஏ. எழுத்தப் பூராவும் படியெடுக்கோணும். முந்நூறு கோடி எழுத்து. தப்பு வராம இருக்குமா? திருத்தறதுக்குன்னே உள்ள புரதம் இருக்குது. திருத்த முடியலீன்னா அந்தச் செல்லு தானாச் செத்துப்போயிரும்."

"தானாவா?"

"தானாத்தான். பெருகாதேன்னா நிக்கோணும், சாவுன்னா சாகோணும். இது ரெண்டையும் கேக்கறதில்ல."

"அப்ப யூனியன்காரன்னு சொல்லுங்க."

"உனக்கு எதப் பாத்தாலும் யூனியன். யூனியன்காரன் பக்கத்துல இருக்கறவனுக்கும் சேத்துக் கேப்பான். இது பக்கத்துல இருக்கறவன் சோத்தையும் தின்னுபோடும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தப்பால் இது வராது, பெருகச் சொல்லும் எழுத்தில் ஒன்று, நிறுத்தச் சொல்லும் எழுத்தில் ஒன்று, திருத்துகிற எழுத்தில் ஒன்று என்று பெரும்பாலும் வருடக்கணக்கில் சேர வேண்டும் என்றார். பிறகு சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். "இது ஏன் வருதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. தெனமும் இத்தன கோடி செல்லு படியெடுத்தும் நம்ம இப்பிடி ஒக்காந்து சோறு திங்கறோம் பாரு, எனக்கு அதுதான் ஆச்சரியம்." அன்றைக்கு என் கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எத்தனை திருத்தங்கள் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

நாங்கள் கடுமையாகச் சண்டை போட்டதும் உண்டு. மாந்தோப்புகளில் பூச்சிமருந்து அடிக்கும் ஒருவரின் கழுத்துக் கட்டி வந்தது. நிணநீர்ச் சுரப்பியின் புற்று. அந்த மனிதர் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் மருந்துப் புகைக்குள் நிற்பதை நான் நேரில் பார்த்திருந்தேன். மருந்தால் வந்தது என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

"எழுத்து உடைஞ்சிருக்குதுன்னு ஸ்லைடு சொல்லும்டா. உடைச்சவன் பேரச் சொல்லாது."

"தோப்புக்காரனுக்குப் பயப்படறீங்க."

"நானா பயப்படறேன்? மருந்தடிக்கற ஆளுங்க எத்தனையோ பேர, அடிக்காதவங்க எத்தனையோ பேர, வருஷக்கணக்குல பாத்துச் சொல்ல வேண்டிய சங்கதி இது. ஒரு கட்டிய வெச்சுச் சொன்னா நாளைக்கு அவன் வக்கீலு அதையே கிழிச்சு உன்ற மூஞ்சில எறிவான். மூக்குக்குத் துணி குடுடான்னு கேக்கறதுக்கு ஸ்லைடு எதுக்கு? அதுக்கு இன்னிக்கே போய்ச் சண்ட போடு. நானும் வாறேன்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஜாக்கிரதைக்காரி, இவர்களால் ஒன்றும் மாறாது என்று மனதுக்குள் முடிவுகட்டினேன். அந்த முடிவு எவ்வளவு மட்டமானது என்பது என் அம்மாவின் பாட்டில் வந்தபோதுதான் தெரிந்தது.

அம்மா சின்னக்கானல் மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலிக்குக் களிம்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் மலையிலேயே ஒரு ஆசுபத்திரியில் ஊசியால் திசு எடுத்து, பாட்டிலில் போட்டு, அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். மகன் வேலை செய்கிற இடத்திலேயே பார்க்கட்டும் என்று அப்பா மறுநாள் மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிக் கொண்டுவந்தார். வரும் பாட்டிலை எல்லாம் நான் திறந்து முகர்ந்து பார்ப்பேன். ஃபார்மலின் மூக்கைக் குத்த வேண்டும். அன்றைக்கு அது அம்மாவின் பாட்டில். மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்து, நூல் போல இருந்த துண்டுகளை எங்கள் ஃபார்மலினுக்குள் மாற்றிவிட்டு வெளியே போய்விட்டேன்.

புற்று என்பது முதல் சீவலிலேயே உறுதியானது. அடுத்து ஹார்மோன் ஏற்பிக்கான சோதனை. புற்றுச் செல்லின் கருவுக்குள் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் இருந்தால் அந்தக் கரு பழுப்பாகும். அந்தப் புரதம் இருக்கும் புற்று ஹார்மோனைப் பிடித்தே வளர்கிறது. அதைத் தடுக்க மாத்திரை உண்டு. பழுப்பு இல்லையென்றால் மாத்திரையால் பலனில்லை.

அம்மாவின் சீவலில் பழுப்பு இல்லை. டாக்டர் "இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம். ஓரத்துல இருக்கற நல்ல நாளத்தப் பாருங்க" என்றார் சபுரா அக்கா.

"சபுரா, கேன்சர் நல்லாத் தெரியுது. இன்னும் என்ன?"

"கேன்சர்ல சந்தேகமில்லீங்க சார். 'இல்லை'ங்கறதுலதான் சந்தேகம்."

புற்றுக்குப் பக்கத்திலேயே நோயில்லாத பால் நாளம் ஒன்று கிடந்தது. அதிலும் அந்தப் புரதம் உண்டு. யாருடைய மார்பாக இருந்தாலும் அங்கே நாலைந்து கருவாவது பழுப்பாக வேண்டும். அதுவும் வெளுத்துக் கிடந்தது. நல்ல செல்லே சோதனைக்குப் பதில் சொல்லவில்லை என்றால், புற்றுச் செல்லின் மௌனத்தை எப்படி நம்புவது? டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பேனாவை மூடிவைத்தார். அதற்காக அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்பாவுக்குப் போனப் போடு. பாட்டல்ல தண்ணி மாத்துனாரான்னு கேளு. கோவிச்சுக்காமக் கேக்கோணும், தெரிஞ்சுதா?"

போனில் அப்பா சொன்னார்: "மூடியத் தொறந்தேன்ல, கண்ணுல தண்ணியா வந்துட்டு. எனக்கே இப்பிடின்னா அவ சதை எரியாதா? அங்கேயே கொட்டிட்டேன். கொழாத் தண்ணி ஊத்தலடா. கடையில வாங்குன நல்ல தண்ணி. மூணு வாட்டி அலசித்தான் ஊத்துனேன்."

ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அந்தத் துண்டுகள் நல்ல தண்ணீரில் கிடந்திருக்கின்றன. நான் முகர்ந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். உடம்பை விட்டு வந்த செல்லின் நொதிகள் அதன் புரதங்களையே அரித்துவிடும். ஃபார்மலின்தான் அதை நிறுத்தி, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடியே பிடித்துவைக்கும். நான் அப்பாவைத் திட்ட வாயெடுத்தேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணா, நான் சபுரா பேசறனுங்க. உங்க பையனோட வேல செய்யறேன். ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. அண்ணிய ஒருக்கா இங்க கூட்டியாங்க, மறுபடி எடுத்துக்கலாம்."

அம்மாவுக்கு இன்னொரு ஊசி. எனக்கே வேண்டாமென்றிருந்தது. அக்கா விடவில்லை. திசு எடுக்கும் அறைக்கு வெளியே பாட்டிலோடு அவரே போய் நின்றார். அப்பா அவர் கையிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தாயி, நெசமாவே வலிக்காதா?"

"வலிக்காதுங்கண்ணா. அது இனி உங்க ஊட்டம்மா இல்லீங்க. அவங்க எழுதி அனுப்புன கடுதாசு. அழியாம இருக்கத்தான் இந்த மருந்து."

இந்த முறை மைக்ரோஸ்கோப்பில் என்னை முதலில் பார்க்கச் சொன்னார். ஓரத்து நாளத்தில் பழுப்புப் புள்ளிகள். நடுவில், புற்று இருந்த இடம் முழுக்க, கருவுக்குக் கரு பழுப்பு. என் அம்மாவைக் கொல்ல வந்த செல்களைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதேன். "பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் புடிப்பாங்கல்ல, மாத்திர அதத்தான் செய்யும். ஹார்மோனு வந்து பாக்கும், ஒக்கார எடமிருக்காது" என்றார் அக்கா. அறுவை முடிந்து, அம்மா இப்போது நாள்தோறும் ஒரு மாத்திரை போடுகிறார். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவைத் திட்டுகிறார். முதல் அறிக்கை போயிருந்தால் அந்த மாத்திரையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். யார் கேட்டிருப்பார்கள்? கொழுந்து எடுப்பவளின் கணவன் பாலக்காட்டுக்கு வந்து, இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்பானா?

அந்த வாரமே அக்கா ஒரு சீட்டு எழுதி, நகலெடுத்து, நாங்கள் அனுப்பும் காலிப் பாட்டில்களில் எல்லாம் ஒட்டினார். தமிழிலும் மலையாளத்திலும் இரண்டே வரி: "இந்த மருந்தைக் கொட்டாதீர்கள். உள்ளே இருப்பதற்கு வலிக்காது." இதெல்லாம் அறிவியலா என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். "சார், இந்தப் பாட்டலு வர்ற வழியெல்லாம் யாரு கைல இருக்குதுன்னு நெனைக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். சீட்டு நிலைத்துவிட்டது.

யூனியன் வேலையாகப் போகும்போது, தோட்டத்து அலுவலகத்தில் "புகார் எதுவும் இல்லை" என்று சொல்லும்போதும், தோப்புக்காரர் "எங்க ஆளுகளுக்கு ஒரு நோயும் இல்ல" என்று சொல்லும்போதும், முன்பெல்லாம் எடுத்தவுடன் கத்துவேன். இப்போதும் கத்துகிறேன். ஆனால் அதற்கு முன்னால், அங்கே நிற்கும் மற்றவர்களால் பேச முடிகிறதா என்று பார்க்கிறேன். அவர்களும் வாய் திறக்கவில்லையென்றால் அந்த "இல்லை"யை நான் வாங்கிக்கொள்வதில்லை. சபுரா அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது இது.

அன்று அடக்கம் முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். மாங்காய் பொறுக்கும் அந்தப் பெண்ணின் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். மூக்கைக் குத்தியது. மறுநாள், அக்காவிடம் வேலை பழகிய புதிய பெண் சீவினாள். சோதனை முடிந்து தகடு வந்த அன்று, டாக்டர் வருவதற்கு முன்பே போய்க் குனிந்து ஓரத்து நாளத்தைத் தேடினேன். பழுப்பாக இருந்தது.