துரை வரும் ரோட்டில் ஒரு குட்டிக் கார்

கேமரன் மலையில் நான் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து ரோட்டில், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் யார் பின்னால் எடுப்பது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. மேட்டில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று உலகத்தில் எங்கோ சொல்லிக்கொடுக்கிறார்களாம், அதெல்லாம் அங்கே செல்லாது. ஒதுங்க இடம் யாருக்குப் பக்கமோ அவர் ஒதுங்கட்டும் என்கிற சாதாரண புத்தியும் செல்லாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். தோட்ட மேனேஜரான துரைக்கு, அவருடைய உதவியாளரான சின்ன துரை பின்னால் எடுப்பார். சின்ன துரைக்குப் பெரிய கிராணி, அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. பெரிய கிராணிக்குச் சின்ன கிராணி, அவருக்குக் கங்காணியின் மோட்டார் சைக்கிள். கொழுந்து லாரிக்காரர் எல்லோருக்கும் பின்னால் எடுப்பார், லாரி நிறைய ஈர இலை இருந்தாலும், கீழே பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தாலும். வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டிப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. புதுத் துரை நம்மவர்தான், கோலாலம்பூரில் படித்த தமிழர். பங்களாவோடும் நாய்களோடும் சேர்த்து இந்தச் சட்டத்தையும் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் பேசுகிற தமிழில்கூட வெள்ளைக்காரன் மூக்கால் பேசுகிற வாடை அடிக்கும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். நம் பாளையங்கோட்டையில் மட்டும் என்ன வாழ்ந்தது? மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இரண்டு டவுன் பஸ் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். இரண்டு டிரைவர்களும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, ஒருவர் பாட்டனை மற்றவர் இழுத்துத் திட்டுவார்கள். டீக்கடையிலிருந்து நாலு பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். அங்கே யாருமே பின்னால் எடுப்பதில்லை. இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் பின்னால் எடுக்கிறார்கள். இந்த இரண்டு கூத்துக்கும் நடுவே கடலைத் தாண்டி வந்து மாட்டிக்கொண்டவள் நான்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி. கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்த தாய் கையால் வளர்ந்து, ஆபீஸ் நாற்காலி வரைக்கும் ஏறியவர். பெண் எடுக்க எங்கள் ஊருக்கு வந்தபோது, பெண் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள் என்பதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெருமைக்கு ஒரு வேலையும் இல்லை. கிராணி வீட்டம்மா என்பது முழுநேர உத்தியோகம். ஜன்னல் திரையைத் துவைத்துப் போடுவது, சின்ன கிராணி மனைவியின் வாயிலிருந்து சின்ன துரை மனைவியின் புடவை விலையைக் கேட்பது, பனி இறங்கும்போது கதவைச் சாத்துவது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைச் சீராக இழுத்துவிடுகிற என் கை வருஷக்கணக்கில் பூரி மாவு உருட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் பீடோரில் ஒரு தமிழ் டாக்டர் தன் கிளினிக்கோடு சின்ன லேப் ஒன்றைத் திறந்து ஆள் தேடினார். மலையை விட்டு இறங்கித் தாப்பா போய், அங்கிருந்து பெரிய ரோட்டில் தெற்கே ஓட வேண்டும். தினமும் போய் வரலாம், ஆனால் பஸ்ஸை நம்பி முடியாது. தானா ராத்தாவிலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு நேரம் என்பது ஒரு அபிப்பிராயம், அவ்வளவுதான். ஆகவே கார் வேண்டும் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார், அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த நாட்டுத் தமிழில் காருக்குக் காடி என்று பெயர், பெட்ரோலுக்கு எண்ணெய், பேச்சு முடிகிற இடத்தில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். காடி விஷயத்தில் கருத்து இல்லாத ஆண்பிள்ளையை நான் அந்தத் தோட்டத்தில் பார்க்கவில்லை. ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் கருத்து அதிகம். வீட்டுக்காரருக்கு ஒரு பழைய ஆங்கிலேயக் காரின் மேல் கண். மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். மேட்டில் மூச்சு வாங்கும், பள்ளத்தில் பிரேக் நாறும்.

"அது எண்ணெய் குடிக்குமே" என்றேன்.

"குடிக்கட்டும்லா. பெரிய கிராணி காடின்னா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்."

"ஓட்டப்போறது நானுங்க."

"நீ ஓட்டினாலும் அது கிராணி காடிதானே" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

எங்கள் சித்தப்பா ஒரு அம்பாசடர் வைத்திருந்தார். அதில் ஏறும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரு முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்ததற்கு, ஏதோ சாமி சிலையைத் தீண்டிவிட்டதைப் போலத் துடைத்தார். கார் என்பது ஆண்பிள்ளை தன் அகலத்தை ஊருக்குக் காட்டுகிற சாமான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். கடல் தாண்டி வந்தும் அந்தப் பாடம் மாறவில்லை, எண்ணெய் விலை ஏறியும் மாறவில்லை.

தாப்பாவில் பழைய கார் விற்கும் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள் அங்கே, நான் பேசப் பேச என் வீட்டுக்காரரையே பார்த்துப் பதில் சொன்னார். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஜப்பான் கார் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், எஞ்சின் ஒரு தையல் மிஷின் அளவுக்கு அடக்கமாக இருந்தது. முன்மூக்கு குட்டை, ஆகவே வளைவில் ரோட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான். வளைவில் எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"பயம் வேணாம்லா, அம்மா" என்றார் தவுக்கே. "மெதுவா போலாம். டிரைவர் வெச்சுக்கோ."

"மெதுவா போக இல்ல, வேகமா போனா வழுக்குமான்னு கேக்குறேன்."

அவர் மறுபடியும் வீட்டுக்காரரைப் பார்த்தார். "முதலாளி, உங்க ஆளுங்களுக்குச் சின்ன காடி சரி வராது. கோயிலுக்கு ஏழு எட்டுப் பேரு எப்படி ஏறுவீங்க?"

தானா ராத்தாவில் காசு கட்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன், சாவியைக் கையில் வாங்கிக்கொண்டேன். தவுக்கே அரை மனதோடு பக்கத்தில் ஏறினார். மலை ரோட்டின் ஆரம்பத்தில் இருக்கிற வளைவுகளில் ஏற்றிவிட்டேன். இரண்டாவது கியரில் அது ஏறிய ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். திருப்பின அளவுக்குத் திரும்பிற்று, விட்டவுடன் நிமிர்ந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்கி வந்தது, அதற்கும் மலைக்கும் நடுவே இருந்த இடத்தில் சோப்பு மாதிரி நழுவிப் போனோம். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த பிறகு அந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். தவுக்கே கைப்பிடியைப் பிடித்தபடி ஏதோ சீனத்தில் வேண்டிக்கொண்டிருந்தார். கடையில் இறங்கியதும் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "அம்மா ரேஸ் போறியா?" என்றார்.

அதையே வாங்கினேன். தோட்டத்தில் அதற்கு எலிக்குஞ்சு என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். ஒரு தடவை டேங்க்கை நிரப்பினால் அது ஓடிய ஓட்டத்துக்கு, கிராணியின் கட்டில் மூக்குக் கார் பாதி வழியில் நாக்கைத் தள்ளியிருக்கும். பெரிய ரோட்டில் மர லாரிகளுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு போய், நேர் ரோடு தெரிந்ததும் சட்டென்று வெளியே இழுத்து முந்துகிற சுகம் இருக்கிறதே, அதைப் பின்சீட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு வளர்ந்த பெண்களிடம்தான் சொல்ல முடியும்.

தொல்லை பெரிய ரோட்டில் இல்லை, தோட்டத்து ரோட்டில்தான். காலையில் நான் இறங்குகிற நேரமும் துரை மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுகிற நேரமும் ஒன்று. ஒதுங்குமிடம் அவருக்கு நாலு அடி பின்னாலேயே இருக்கும். இருந்தாலும் அவர் நின்றுகொண்டு காத்திருப்பார், நான் மேட்டில் வளைந்து வளைந்து பின்னால் ஏறிப் போக வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வாரத்தில் பாதி நாள் கிளினிக்குக்குத் தாமதம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஆனாலும் ஒருநாள் சொல்லிவிட்டார்: "அம்மா, நேரத்துக்கு வர முடியலன்னா நான் வேற ஆளப் பாக்கணும்." அந்த வேலை போனால் மறுபடியும் ஜன்னல் திரைதான்.

அடுத்த வாரம் ஒரு மழைநாள். மதகுக்குப் பக்கத்தில் துரையின் நீண்ட கார் வந்து நின்றது. மதகோரப் புல்மேட்டை நான் ஏற்கெனவே இறங்கி மிதித்துப் பார்த்து வைத்திருந்தேன், கெட்டித் தரை. வேறு எந்த வண்டிக்கும் அங்கே இடம் இல்லை, எலிக்குஞ்சுக்கு இருந்தது. இரண்டு சக்கரத்தைப் புல்லில் ஏற்றி, கண்ணாடிக்குக் கண்ணாடி உரசாமல், அவர் ஜன்னலைத் தாண்டும்போது "குட்மார்னிங் சார்" என்றும் சொல்லிவிட்டுப் போனேன். அவருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை, ஒரு நிமிஷம் வீணாகவில்லை. பார்க்கப்போனால் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது வீட்டுக்காரர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் எல்லோர் முன்னாலும் துரை கேட்டாராம்: "கிராணி, உங்க சம்சாரத்துக்கு ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னு தெரியாதா?" நாளையிலிருந்து அந்தக் காடி தோட்டத்து ரோட்டில் ஏறக் கூடாது என்று உத்தரவு. நான் பின்னால் எடுக்கச் சம்மதித்தால் மறுபரிசீலனை செய்வாராம்.

"சும்மா பின்னால எடுத்தா என்னம்மா கொறஞ்சிடும்?" என்றார். "நான் அவருகிட்ட வேலை செய்றவன்லா."

"எனக்கு வேல போயிடும்ங்க."

"ஒனக்குச் சோறு போட நான் இல்லையா?"

 மறுநாளே பீடோரில் ஒரு தையல்காரம்மா வீட்டு மாடியில் அறை எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் மலைக்கு வருவேன், ஆனால் தோட்டத்து ரோட்டின் வாய் வரைக்கும்தான். தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். என் கார் ஏறாத ரோட்டில் நானும் ஏற மாட்டேன் என்றுவிட்டேன். இந்தப் பிடிவாதத்தை எங்கள் ஊரில் திமிர் என்பார்கள், அங்கே கொழுப்பு என்றார்கள். பெயர்தான் வேறு.

வீம்புக்கு இன்னொன்றும் செய்தேன். காரைப் பின்புறமாகத் திருப்பி, பின்சக்கரம் இரண்டும் தோட்டத்து மண்ணிலும் முன்சக்கரம் இரண்டும் கவர்மெண்ட் தாரிலும் இருக்கும்படி நிறுத்துவேன். ரோட்டில் ஏறக் கூடாது என்றுதானே உத்தரவு, பாதி ஏறினால் என்ன செய்வார்கள் பார்க்கலாம் என்று. அந்த நேரத்தில் துரை தானா ராத்தா கிளப்பில் இருப்பார், வண்டி எதுவும் வராது. வீட்டுக்காரர் மோட்டாரில் இறங்கி வருவார், பிளாஸ்க்கில் டீ இருக்கும், அவரே சமைத்த ஏதோ ஒன்று கேரியரில் இருக்கும். கேலி செய்த அதே காரின் முன்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். நாங்கள் குடித்தனம் நடத்தியது அந்தச் சீட்டுகளில்தான். அவரால் தோட்டத்தை விட முடியாது என்று எனக்குத் தெரியும். லைன் வீட்டுப் பையன் கிராணி பங்களாவில் தூங்குகிறான் என்பது அவருடைய வாழ்க்கையின் மொத்தச் சம்பாத்தியம். அதைச் சின்னத்தனம் என்று எவ்வளவோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டே அவர் சமைத்த உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை தூறலாக இருந்தது. எதிரே அந்த நீண்ட கார் வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றது. துரைக்குக் கிளப் சலித்துவிட்டது போலிருக்கிறது. அவர் உள்ளே போக வேண்டுமென்றால் நாங்கள் தோட்டத்துக்குள் பின்னால் எடுக்க வேண்டும், அல்லது அவர் நாலு அடி பின்னால் போய் எங்களை வெளியே விட வேண்டும். அவர் பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது. ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரரின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. இறங்கித் தூறலில் நின்று சலாம் போடப் போகிறார், பிறகு என்னிடம் திரும்பிக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். கெஞ்சினால் எடுத்துவிடுவேனோ என்றும் எனக்குப் பயமாக இருந்தது. நான் கியரைத் தொடவில்லை.

இன்னொரு ஹாரன். வீட்டுக்காரர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினார். பாதி என் புடவையில் கொட்டிற்று.

"பின்னால எடுக்காத" என்றார், எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே.

மூன்றாவது ஹாரன் ரொம்ப நேரம் அடித்தது. பிறகு அந்த நீண்ட கார் கோணலும் மாணலுமாகப் பின்னால் போயிற்று. பழக்கம் இல்லாத வேலை, பின்சக்கரம் ஒன்று ஓடையோரம் வரைக்கும் போய் மீண்டது. பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது, மறைப்பானேன். நான் வண்டியை முன்னால் எடுத்து ரோட்டில் இறக்கினேன். வீட்டுக்காரருடைய மோட்டார் தோட்டத்து வாயிலேயே நனைந்துகொண்டு நின்றது.

"வண்டியத் திருப்பட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம ஆபீஸ்ல என்னமோ ஆவட்டும்லா" என்றார். "நீ கியர மாத்து."

மாற்றினேன். முதல் வளைவில் வண்டி வழக்கம்போல் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நான் கீழே இறங்குகிற ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவர் சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகத் தேயிலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். இடம் குறைச்சலான கார், இரண்டு பேர் தோளும் வழி முழுக்க உரசிக்கொண்டே இருந்தது.