வயலின் கேட்டவளுக்கு மிருதங்கம்

எனக்கு வயலின்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி பட்டுப்பாவாடையில் உட்கார்ந்து வயலின் வாசித்தாள். தலைமை ஆசிரியை மேடையேறி அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். வயலினைவிட அந்தக் கன்னத் தட்டல்தான் என்னை இழுத்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து, சங்கீதத்துக்காகவே பிறந்தவள் மாதிரி அடம்பிடித்தேன்.

அம்மா உடனே என் கட்சியில் சேர்ந்துகொண்டாள். பொன்னேரி அத்தை போனிலேயே பரதநாட்டியம் என்றாள். அவள் சொன்னதை வழக்கம்போல யாரும் பொருட்படுத்தவில்லை. மீதி இருந்தது அப்பா. நான் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் வயலின் வந்துவிட்ட மாதிரிதான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஹேமர் ஆபரேட்டர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை, மேலிருந்து விழும் ஆளுயர சம்மட்டியால் அடித்து லாரிக்கான சாமான் செய்யும் கம்பெனி. வீட்டில் அவர் கத்தித்தான் பேசுவார். டிவியையும் கத்தத்தான் விடுவார். எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் அப்படித்தான் என்பதால், அப்பா என்றாலே சத்தமான ஆள் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் குறை வேறு. எத்தனை கூப்பிட்டாலும் காதில் வாங்காத மனுஷன், கல்யாணமான புதிதில் இப்படி இல்லை, போகப்போகத் திமிர் ஏறிவிட்டது என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சிரிப்பு அவள் கோபத்தை இன்னும் கிளப்பும்.

பஜாரில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் சங்கீத வகுப்பு. கணவன் மனைவி இருவர் நடத்தினார்கள். டீச்சர் வயலின், சார் மிருதங்கம். குழந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள், இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், விஜயதசமியன்று ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

போனோம். மூவரும் பாயில் உட்கார்ந்தோம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மேல் தந்தியில் மெல்லிசாக வாசிக்கத் தொடங்கினார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது, கீழே பஸ் ஹாரன். ஆனாலும் நான் உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்பா வில் போய் வருவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இன்னா, டீச்சர் இன்னும் ஆரம்பிக்கலியா?"

நான் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். அப்பா எப்போதும் இப்படி ஏதாவது கிண்டல் செய்வார். டீச்சரின் வில் நின்றது. அம்மா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு சார் மிருதங்கத்தை மடியில் வைத்துத் தட்டினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்காலில் விரல்கள் தாளம் போட்டன. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இதியே கத்துக்கட்டும் சார். இதான் நல்லா கீது" என்றார்.

மாடிப்படியிலேயே அழுகையை ஆரம்பித்தேன். வண்டியில் வரும்போது அம்மா அப்பாவிடம் பேசவில்லை, வீட்டுக்கு வந்ததும் சேர்த்துவைத்துப் பேசினாள். பெண் பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, அதன் மடியில் மேளத்தைத் தூக்கி வைப்பாயா, அந்த டீச்சர் எதிரில் மானத்தை வாங்கினாயே என்று தீர்த்துவிட்டாள். அப்பா எதிர்வாதம் செய்யவில்லை. "எனுக்கு அதான் புட்ச்சிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்குப் பரோட்டா வாங்கிவரப் போனார். பரோட்டாவைச் சாப்பிட்டேன். அவரோடு டூ விட்டது விட்டதுதான்.

இந்தச் சண்டை முடிவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். புதுச் சட்டையில், அப்பாவோடு பேசாமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எதுவும் ஓடவில்லை. கூரையில் புறா முனகுவதுகூடக் கேட்டது. எங்கள் வகுப்பறையைவிட இங்கே எவ்வளவு அமைதி, அப்பா கொடுத்துவைத்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

கற்பூரம் காட்டியதும், ஹேமருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரே ஒரு அடி அடிப்பது அங்கே சம்பிரதாயம். அந்த அடியை அன்று அப்பா அடித்தார். காலால் பெடலை அழுத்தினார், அவ்வளவுதான். தரை எகிறியது. சத்தம் காது வழியாக வந்ததா கால் வழியாக வந்ததா என்றே தெரியவில்லை. குழந்தைகள் எல்லாம் வீறிட்டன, என் கையிலிருந்த சுண்டல் கொட்டிப்போயிற்று. அப்பா மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வருகிறவர் மாதிரி சாதாரணமாக நின்று மாலையைச் சரிசெய்தார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் போய், "இன்னாங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்புறம் தோளைத் தொட்டாள். அவர் சிரித்தபடி திரும்பி, "இன்னா?" என்றார்.

"ஒண்ணுல்ல" என்றாள் அம்மா. அவள் முகம் வெளுத்திருந்தது. என்னைப்போல அவளும் சத்தத்தில் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் சட்டையை மாற்றிவிடும்போது சொன்னாள்: "மிருதங்கமே கத்துக்க கண்ணு. அப்பாவும் உக்காந்து ரசிக்கணுமில்ல."

என் பக்கம் இருந்தது அம்மா ஒருத்திதான், அவளும் கட்சி மாறிவிட்டாள். அன்று நான் அழுத அழுகைக்கு அளவே இல்லை. அம்மா திட்டாமல் என்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு போய் உட்கார்ந்தேன். மிருதங்கத்தின் இரண்டு முனையையும் என் கைகள் எட்டிப்பிடிக்கவே பாடுபட்டன. சார் என் கையைப் பிடித்துத் த, தி, தொம், நம் என்று தட்டவைத்தார். அப்பா எதிரே, அம்மா அவர் பக்கத்தில். மற்ற சொற்களுக்குச் சும்மா இருந்த அப்பா, இடது கையில் அந்தக் கனத்த தொம் விழும்போதெல்லாம் பலமாகத் தலையாட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டூவை மறந்தேன், வயலினை மறந்தேன். அந்தச் சொல்லில் நான் ஒரு மேதை என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதையே போட்டு முழக்கினேன். இடது கையைக் குறை, வலது கை என்ன பாவம் செய்தது என்று சார் பல வருஷம் தலையில் அடித்துக்கொண்டார். நான் குறைக்கவில்லை. அப்பா அதற்குத்தானே தலையாட்டுகிறார்! அவ்வளவு வாசிப்பிலும் அவருக்குச் சரியாகக் கேட்டது அது ஒன்றுதான் என்று ஏழு வயதில் எனக்கு எங்கே தெரியும்.