பனிக்குள் வெதுவெதுப்பாய் ஒரு பூ

விரலை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் கணுக்கால் அளவுக்குப் பனி கிடக்க, அந்தப் பூவுக்குள் மட்டும் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் போல.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போன அப்பாவின் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். எப்போது வருவார் என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம் அம்மா, "வெளிய மொத பூ பூத்ததும் வந்துருவாரு கண்ணு" என்பாள். ஏப்ரலை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறாள், பாவம். நானோ ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மரங்களுக்கடியில் போய்த் தேட ஆரம்பித்தேன்.

பிப்ரவரியிலேயே அது வந்துவிட்டது. இலை இல்லை, தண்டு இல்லை. போர்வை போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல, ஈரல் நிறத்தில், தன்னைச் சுற்றிப் பனியை வட்டமாக உருக்கிக்கொண்டு நின்றது. அம்மாவை இழுத்துப் போய்க் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "உசுரு இருக்கற மாதிரியே இருக்குது" என்றாள் மெதுவாக. ஆனாலும் கோயம்புத்தூர்ப் பழக்கம் விடுமா? எந்தச் செடியானாலும் முதல் பூ சாமிக்குத்தான். காய் நறுக்கும் கத்தியால் அறுத்து வந்து "சாமி ரூமில்", அதாவது கோட் மாட்டும் க்ளாசெட்டின் மேல்தட்டில், வைத்து விளக்கேற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் வீடெங்கும் பிண வாடை. குளிருக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். ஹீட்டர் அதை அறை அறையாகக் கொண்டுபோய் ஊதியது. பூவிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும், அப்பா பேரைச் சொல்லி வைத்ததை எடுத்து எறிய அம்மாவுக்குக் கை வரவில்லை. சென்னையில் அது நடுச்சாமம் என்று தெரிந்தும் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விளக்கு ஆட ஆட, அந்தக் குனிந்த நிழல் கோட்டுகளின் மேல் ஏறி இறங்கியது. அப்பா விட்டுப்போன கோட்டுக்குள் யாரோ நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.

கீழ்வீட்டு பாத்திமா ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். "பாவம்டி உங்க சாமி. இது ஸ்கங்க் கேபேஜ், ஈ வரணும்னே இப்படி நாறும்" என்றபடி பூவைக் குப்பைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார். அம்மா சிரிக்கவில்லை. போனை விட்டு நகரவும் இல்லை.

சென்னையில் விடிந்ததும் அப்பாவே கூப்பிட்டார். போனைச் சைலண்டில் போட்டுத் தூங்கிவிட்டாராம், நன்றாகத்தான் இருக்கிறாராம், பாஸ்போர்ட் மட்டும் வரவில்லையாம். பூதான் பூத்துவிட்டதே என்று நான் கேட்டேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அம்மா சொன்னாள்: "எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது கண்ணு. சும்மா சொன்னேன்."

பிண வாடையைவிட அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

அப்பா மே மாதம் வந்து சேர்ந்தார். அதற்குள் ஊரெல்லாம் பூத்துத் தள்ளியிருந்தது. நான் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்று அந்தச் சதுப்பைத் தோண்டி, நடுவே நீரூற்று வைத்துக் குளமாக்கிவிட்டார்கள். போன மாதம் அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது, தாத்தா என்றைக்குத் திரும்புவார் என்று என் மகள் தன் பாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். டிக்கெட் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குத் தேதி மனப்பாடம். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "வந்தப்பறம் சொல்றேன்" என்றாள்.